பயிற்சி ஆசிரியராக வகுப்பறைக்குள் போகும்போது

கற்பித்தல் பயிற்சியில் ஒரு விசித்திரம் உண்டு. பள்ளிக்கூடம் நமக்குப் புது இடமே இல்லை; வருஷக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்தாயிற்று. பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களோடு கழித்திருப்பார் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975-இல் எழுதினார். ஆனால் நாம் பார்த்தது மேடையை மட்டும். முந்தின இரவு எழுதிய பாடக்குறிப்பும், அந்தக் கேள்வியை அந்தப் பையனிடம் ஏன் கேட்டார் என்ற கணக்கும் நம் கண்ணில் பட்டதே இல்லை. ‘இவ்வளவுதானே’ என்று ஏறி நிற்பவர் பத்தாவது நிமிடத்தில் வியர்த்துப்போவது அதனால்தான்.

முதல் சில நாள் வழிகாட்டி ஆசிரியரின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார வைப்பார்கள். அங்கே பாடத்தைக் குறிப்பெடுப்பது வீண் வேலை, அது புத்தகத்திலேயே இருக்கிறது. மணி அடித்ததிலிருந்து முதல் வாக்கியம் வரை அவர் என்ன செய்கிறார், நோட்டுகளை எப்படி வாங்குகிறார், பேசுகிற பிள்ளையை எப்படி நிறுத்துகிறார் என்று எழுதுங்கள். பெரும்பாலும் பாடத்தை நிறுத்தாமலே அந்த பெஞ்ச் பக்கம் போய் நிற்பார், அவ்வளவுதான். கூடவே யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு வரைபடம் போட்டுப் பெயர்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். ‘மூணாவது பெஞ்ச், நீதான்’ என்றால் மூன்று பேர் எழுந்து நிற்பார்கள்.

பாடக்குறிப்பில் நேரம்தான் முதலில் காலை வாரும். 45 நிமிட வகுப்புக்கு 45 நிமிடப் பாடம் எழுதுகிறோம். வருகைப்பதிவு, நோட்டு எடுப்பது, தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்புவது எல்லாம் சேர்ந்து பத்து நிமிடத்தை விழுங்கிவிடும். 30 நிமிடத்துக்கு எழுதினால் போதும். பதற்றத்தில் வேகமாகப் பேசிச் சீக்கிரம் முடித்துவிடுகிறவர்களும் உண்டு. ஆகவே குறிப்பின் ஓரத்தில், நேரம் போதாவிட்டால் விட்டுவிடக்கூடிய பகுதி ஒன்றையும், நேரம் மிஞ்சினால் கேட்க இரண்டு கேள்விகளையும் குறித்து வைக்க வேண்டும்.

சத்தம் பெரும்பாலும் கிளம்புவது குழு வேலையின்போது. தாளைக் கொடுத்துவிட்டு விளக்கம் சொல்ல ஆரம்பிக்கிறோம். கையில் தாள் வந்ததும் கண் அதற்குள் போய்விடுகிறது, பின்வரிசைக்குத் தாள் கைமாறும் சலசலப்பில் நம் குரல் பாதிப் பேருக்குக் கேட்பதில்லை. கேட்காதவன் பக்கத்தில் இருப்பவனிடம் ‘என்ன சொன்னாங்க?’ என்கிறான். நாற்பது பேர் அப்படிக் கேட்டால் அதுதான் இரைச்சல், நாம் அதை அடங்காத்தனம் என்று நினைத்துக் கத்துகிறோம். முதலில் என்ன செய்ய வேண்டும், எத்தனை நிமிடம் என்று சொல்லுங்கள். ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் தாள்.

மௌனம் வேறு வகையில் பயமுறுத்தும். கேள்வி கேட்டு யாரும் வாய் திறக்கவில்லையென்றால் நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம். ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் காட்டினார். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது. மூன்று நொடி முன்னால் நிற்பவருக்கு யுகமாகத் தெரியும். மனசுக்குள் எண்ணுங்கள்.

மனசு நோகிற இடம் பெரும்பாலும், நம் வகுப்பைப் பார்த்தவர் கருத்துரை சொல்லும் நேரம். ‘வகுப்புக் கட்டுப்பாடு போதாது’ என்ற ஒரு வரி ‘நீ இதற்கு லாயக்கில்லை’ என்று காதில் விழும். எந்த நிமிடத்தில், எந்தப் பக்கம் கைவிட்டுப் போனது என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். ‘தாள் கொடுத்தபோது, ஜன்னல் பக்கம்’ என்று பதில் வந்தால் அடுத்த வகுப்பில் திருத்த ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. பத்துக் குறை சொன்னாலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி ஆசிரியருக்கு அடங்குகிற வகுப்பு நமக்கு அடங்கவில்லையே என்ற ஒப்பீடும் நியாயமில்லை; அந்த அமைதியை அவர் வருஷ ஆரம்பத்திலிருந்து கட்டி வைத்திருக்கிறார், நாம் நடுவில் வந்தவர்கள். ‘எங்க மிஸ் எப்போ வருவாங்க?’ என்று ஒரு குழந்தை கேட்டால் சுருக்கென்று இருக்கும். வரும் நாளைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போங்கள்.

தொடக்கத்தில் எல்லாருக்கும் ‘என்னை எப்படிப் பார்க்கிறார்கள்’ என்ற கவலைதான் பெரிதாக இருக்கும், பிள்ளைகள் கற்றார்களா என்ற கவலை பிறகுதான் வரும் என்று பிரான்சிஸ் ஃபுல்லர் என்ற கல்வி ஆய்வாளர் 1969-இலேயே எழுதியிருக்கிறார். ஆகவே முதல் வாரத்தில் உங்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தால் அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆசிரியர் அறையில் எந்த நாற்காலி யாருடையது என்று மட்டும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள், சின்ன விஷயம்தான், ஆனால் நாள் முழுக்க உறுத்தும்.

கிளம்பும் தேதியை ஒரு வாரம் முன்பே வகுப்பில் சொல்லிவிட வேண்டும். நன்றாக ஒட்டிக்கொண்ட சில பிள்ளைகள் அதற்குப் பிறகு திடீரென்று முரண்டு பிடிப்பார்கள். பிரிவுக்கு அவர்கள் காட்டும் கோபம் அது, கண்டிக்கத் தேவையில்லை. கடைசி நாளுக்குள் வாங்கிய நோட்டெல்லாம் திருத்தித் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். பாடம் எந்தப் பக்கத்தில் நிற்கிறது, யார் எதில் தடுமாறுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வழிகாட்டி ஆசிரியரின் மேசையில் வையுங்கள்.