கான்ஃபரன்ஸ் இல்லாத அணிகளோடு சில நாட்கள்

2023 ஏப்ரல் 20, வியாழன்

விடியுமுன் புறப்பட்டு, அப்பலாச்சியன் மலைச் சாலைகளில் ஏழு மணி நேரம் வண்டியோட்டி, மதியம் இந்தச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தோம். மகன் அணியினருடன் நேற்றே பேருந்தில் வந்துவிட்டான். தமக்குள் ஆட்டங்களை வகுத்து ஆடும் கல்லூரிக் கூட்டமைப்புக்குக் கான்ஃபரன்ஸ் என்று பெயர்; அப்படி எந்தக் கான்ஃபரன்ஸிலும் இடமில்லாத நான்கு கல்லூரிகள் தமக்குள் பேசி நடத்தும் ஆண்கள் கைப்பந்துப் போட்டி இது.

அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் கைப்பந்துக்கு, மேல்மட்டமான முதல் பிரிவில் மட்டும் முந்நூறுக்கும் அதிகமான அணிகள் இருக்க, ஆண்கள் அணி வைத்திருக்கும் கல்லூரிகள் மிகக் குறைவாகவே இருப்பதால், முதல் பிரிவுக்கும் இரண்டாம் பிரிவுக்கும் சேர்த்து ஒரே தேசியப் போட்டிதான் நடக்கிறது. இந்த 2023ஆம் ஆண்டு விதிப்படி ஆண்கள் அணி முழுவதற்கும் சேர்த்து அனுமதிக்கப்படுவது நாலரைப் பேருக்கான முழு உதவித்தொகை, பெண்களின் முதல் பிரிவு அணிக்கு அது 12 பேருக்கு. இந்த நிலையில் அக்கம்பக்கத்தில் ஆண்கள் அணியே இல்லாத கல்லூரி எந்தக் கான்ஃபரன்ஸில் போய்ச் சேரும்? ஜனவரி முதல் ஏப்ரல் வரைக்குமான ஆட்டங்களைப் பயிற்சியாளரே ஊர் ஊராகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 21, வெள்ளி

அரையிறுதியில் 3-1 என வென்றோம். முதல் செட்டை இழந்தபின் பையன்கள் நிதானமாக ஆடினார்கள்.

என் மகன் லிபரோ, அதாவது பின்வரிசையில் நின்று பந்தை எடுப்பதற்கென்றே இருக்கும் தற்காப்பு ஆட்டக்காரன். ஆறடிக்கு மேல் வளர்ந்தவர்களுக்கு நடுவில் வேறு நிறச் சட்டையோடு நிற்கும் அவன், எதிரணி அடிக்கும் பந்தை வலையருகே கைகளை உயர்த்தித் தடுக்கும் பிளாக்குக்கு எழும்பக் கூடாது; வலையின் உயரத்துக்கு மேலிருக்கும் பந்தை அடித்து அனுப்பவும் கூடாது. 2.43 மீட்டர் உயர வலைக்கு அப்பாலிருந்து வருகிற சர்வீஸை எடுத்துக் கொடுப்பதே அவன் வேலை. இரவு உணவின்போது கைகளைப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு கையிலும் தோல் கன்றிச் சிவந்து, பொடிப்பொடியாக இரத்தப் புள்ளிகள் தெரிந்தன. அவன் அம்மா பதறி ஐஸ் எடுத்து வந்தாள். “எரியலம்மா, பந்து சரியான இடத்துலதான் பட்டிருக்கு” என்றான்.

ஏப்ரல் 22, சனி

இறுதி ஆட்டம் ஐந்து செட் வரை போனது. பார்வையாளர் இருநூறு பேர்கூட இல்லை, பெரும்பாலும் பெற்றோர்தான். ஐந்தாவது செட்டில் 13-13 என்றிருந்தபோது, எதிரணியின் உயரமான பையன் பின்கோட்டுக்கு வெகு தூரம் தள்ளி நின்று, ஓடிவந்து எம்பி அடித்த சர்வீஸ் நேராக என் மகனை நோக்கி வந்தது. அவன் பக்கவாட்டில் ஓர் அடி நகர்ந்து, இடுப்பைத் தாழ்த்தி, கைகளை வீசாமல் அப்படியே நீட்டி நிறுத்தினான். பந்து வேகம் முழுவதும் தணிந்து, அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரின் தலைக்கு மேல் போய் இறங்கியது. செட்டர் அதை நடுவில் குட்டையாகத் தூக்க, எதிரணியின் பிளாக் எழும்புவதற்குள் அடித்தாகிவிட்டது. அடுத்த புள்ளியும் எங்களுக்கே. 15-13.

நான்காமாண்டு மாணவர் நால்வரும் வலைக்கு அருகிலேயே உட்கார்ந்து அழுதார்கள். வெற்றிதான், ஆனால் இந்தக் கோப்பைக்குப் பின்னால் தேசியப் போட்டிக்கான நேரடி இடம் கிடையாது. அது கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு உரியது. தேர்வுக் குழு அழைத்துத் தரும் சில இடங்களோ பெரும்பாலும் மேற்குக் கரைப் பெரிய அணிகளுக்கே போகின்றன. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. 1970இல் தொடங்கிய அந்தப் போட்டியில் கலிஃபோர்னியாவுக்கு வெளியே ஓர் அணி வெல்லவே 1994 வரை, பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் நினைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 24, திங்கள்

தேசியப் போட்டிக்கான பட்டியல் வந்துவிட்டது. நாங்கள் அதில் இல்லை.

மே 6, சனி

வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் நகரில் தேசிய இறுதி ஆட்டம். லாஸ் ஏஞ்சலிஸின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகம், ஹவாய் பல்கலைக்கழக அணியை 3-1 என வென்றது. 2006க்குப் பிறகு அவர்களுக்கு இதுவே முதல் பட்டம். அரங்கமே எழுந்து நின்றபோதும் மகன் உட்கார்ந்தபடி, கடைசியாக இரு லிபரோக்களும் எங்கே நின்றார்கள் என்பதைக் கைபேசியில் குறித்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது பயிற்சியாளரிடமிருந்து அணிக்கு ஒரு செய்தி வந்தது. வரும் ஜனவரிக்கு இரண்டு ஆட்டங்கள் உறுதியாகிவிட்டன, இரண்டும் வெளியூரில். மகன் அதை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினான்.