300 வாட் சிறு மின் ரேடியேட்டர்: தகடு, ஃபின், ஹீட்டர் மேட் வைத்துச் செய்து பார்த்தது

உள்ளளவு 1.8 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம் கொண்ட ஒரு சிறு வேலை அறை. சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் 50 மி.மீ. ஃபோம் போர்டு. வெளியே 5 டிகிரி இருக்கும்போது உள்ளே 20 டிகிரி வேண்டும். ரேடியேட்டர் சுவரிலிருந்து 10 செ.மீ.க்கு மேல் முன்னே நீட்டக் கூடாது, ஃபேன் சத்தம் கூடாது, தவறிக் கை பட்டால் கொப்புளம் வரக் கூடாது. இவ்வளவுதான் தேவை.

முதலில் அறையின் வெப்ப இழப்பு. கூரையும் தரையும் சேர்த்து மொத்தப் பரப்பு சுமார் 20 ச.மீ. 50 மி.மீ. ஃபோம் வழியாக ஒரு ச.மீ.க்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 0.6 வாட் வெளியேறும். ஆக டிகிரிக்கு 12 வாட். காற்றுக் கசிவுக்கு அறையின் கன அளவை 0.33-ஆல் பெருக்கி, காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறதோ அதாலும் பெருக்க வேண்டும். 6 கன மீட்டர், மணிக்கு ஒரு முறை என்று வைத்தால் 2 வாட். மொத்தம் டிகிரிக்கு 14, பதினைந்து டிகிரிக்கு 210 வாட். இதே அறையை வெறும் 12 மி.மீ. ப்ளைவுட்டில் அடித்திருந்தால் தேவை 1,100 வாட்டைத் தாண்டிவிடும். அந்த நிலையில் ரேடியேட்டரைத் தொட வேண்டாம். ஃபோம் வாங்கி ஒட்டுங்கள். “அதிகத் திறன் கொண்ட மின் ரேடியேட்டர்” என்று எதுவும் இல்லை. உள்ளே போகும் ஒவ்வொரு வாட் மின்சாரமும் ஒரு வாட் வெப்பமாகத்தான் அறைக்குள் வரும், எந்த வடிவமானாலும்.

அடுத்தது பரப்பு. சின்ன ரேடியேட்டரின் அளவை முடிவு செய்வது இதுதான். ஹீட்டரின் வாட் அளவு கடைசியில் தானாக வந்து உட்காரும். சூடான மேற்பரப்புகளைத் தொடுவது பற்றிய ஐ.எஸ்.ஓ. 13732-1 தர ஆவணம், வெற்று உலோகத்தை ஒரு நிமிடம் தொட்டிருந்தால் 51 டிகிரியும், பத்து நிமிடம் தொட்டிருந்தால் 48 டிகிரியும் தீக்காய எல்லை என்று வைக்கிறது. கை பட்டதும் இழுத்துக்கொள்ளும் தொடுகைக்கு இதைவிட அதிகம் தாங்கும். முன்தகட்டுக்கு 60 டிகிரி என்று எல்லை வைத்தேன். அறை 20 டிகிரி என்றால் வித்தியாசம் 40.

பெயின்ட் அடித்த செங்குத்துத் தகடு இந்த வெப்பநிலையில் ஒரு ச.மீ.க்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 10 வாட் விடும். ஐந்துக்கும் சற்றுக் குறைவு காற்றோட்டம் வழியாக, மீதி கதிர்வீச்சாக. ஃபின்களுக்கு (வெப்பம் விடத் தகட்டிலிருந்து நீட்டி நிற்கும் உலோகப் பட்டைகள்) இடையில் கதிர்வீச்சு பெரும்பாலும் ஒன்றையொன்று பார்த்தே தீர்ந்துவிடும் என்பதால், அங்கே காற்றோட்டப் பங்கான 5 வாட்டை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். ஃபின் பரப்பையும் 10-ஆல் பெருக்கிவிட்டு, “கணக்கில் 300 வாட் வந்தது, தகடு ஏன் 80 டிகிரிக்குப் போகிறது?” என்று குழம்புவது வழக்கம்.

முதல் வடிவம்: வெறும் தகடு

600 மி.மீ. உயரம், 400 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. தடிமன் அலுமினியத் தகடு. நடுவில் ஒரு 150 வாட் சிலிக்கோன் ஹீட்டர் மேட் (சூடேறும் கம்பி பதித்த ரப்பர் விரிப்பு). இரு பக்கமும் காற்றுப் படும்படி தொங்கவிட்டுச் சோதனை.

பெயின்ட் இல்லாமல் ஓட்டும்போது அறையைவிடச் சுமார் 50 டிகிரி ஏறி நின்றது. அதே தகட்டுக்கு இருபுறமும் பளபளப்பில்லாத பெயின்ட்டை மெல்லிசாக அடித்தபின் 30 டிகிரியோடு நின்றது. வெற்று அலுமினியம் 0.1-க்கும் குறைவான உமிழ்திறன் (வெப்பத்தைக் கதிர்வீச்சாக விடும் திறன், உச்சம் 1) கொண்டது. பெயின்ட் அடித்தால் 0.9. நிறம் முக்கியமில்லை. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் பெயின்ட் இந்த வெப்பநிலைக் கதிர்வீச்சில் கறுப்பு மாதிரியேதான் நடந்துகொள்ளும். பளபளப்பான உலோகத் தோற்றம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் கதிர்வீச்சை அடியோடு இழப்பீர்கள்.

அளக்கும்போது ஒரு கவனம்: இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை வெற்று அலுமினியத்தின் மேல் காட்டினால் எதிரே நிற்கும் உங்கள் உடம்பின் பிரதிபலிப்பைத்தான் பெரும்பாலும் படிக்கும், எண் மிகக் குறைவாக வரும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளக்கவும்.

இந்த வடிவம் இரண்டு காரணத்துக்காகக் கைவிடப்பட்டது. 300 வாட் கொடுத்தால் தகடு 80 டிகிரியில்தான் நிற்கும். இன்னொன்று, 1.5 மி.மீ. தகட்டில் வெப்பம் பக்கவாட்டில் பரவ வழி போதாமல் நடுவுக்கும் ஓரத்துக்கும் 25 டிகிரிவரை வித்தியாசம். தடிமனை இரட்டிப்பாக்கினால் இந்த வித்தியாசம் ஏறக்குறைய பாதியாகும். எனவே அடுத்ததற்கு 3 மி.மீ.

இரண்டாம் வடிவம்

முன்தகடு: அதே 600 × 400, 3 மி.மீ. பின்புறம் 30 × 30 × 2 மி.மீ. யு வடிவ அலுமினியச் சேனல், 500 மி.மீ. நீளத்தில் ஆறு துண்டு, எல்லாம் செங்குத்தாக. இவற்றின் இரு கால்களும்தான் ஃபின்கள். இடது ஓரத்தில் இரண்டு, ஹீட்டர் மேட், நடுவில் இரண்டு, இன்னொரு மேட், வலது ஓரத்தில் இரண்டு. ஜோடிச் சேனல்களுக்கு நடுவே 12 மி.மீ. இடைவெளி. மேட் ஒவ்வொன்றும் 500 × 60 மி.மீ., 230 வோல்ட்டில் 150 வாட். மேட்டின் இரு பக்கமும் 5 மி.மீ. விடவும். கூட்டிப் பார்த்தால் 356 மி.மீ. வரும், மீதி இரு ஓரங்களுக்கு.

ஃபின் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால் பரப்பு கூடுமே என்று தோன்றும். அரை மீட்டர் உயரத்துக்கு, ஃபேன் இல்லாத நிலையில், 10 மி.மீ.தான் கீழ் எல்லை. அதற்கும் நெருக்கினால் இரு பக்கச் சூடான காற்றுப் படலமும் ஒட்டிக்கொண்டு, இடையில் காற்று ஏறவே ஏறாது. கம்ப்யூட்டர் ஹீட் சிங்க்கைக் கழற்றி ரேடியேட்டராக்கும் முயற்சிகள் சொதப்புவது இதனால்தான். அவை ஃபேன் காற்றுக்காக 2 மி.மீ. இடைவெளியில் செய்யப்பட்டவை.

சேனலைத் தகட்டோடு இணைக்க 4 மி.மீ. பாப் ரிவெட், 70 மி.மீ.க்கு ஒன்று. முன்புறம் தலை தெரியாமலிருக்கக் குழித் தலை ரிவெட். ரிவெட் அடிப்பதற்கு முன் சேனலின் அடியில் தெர்மல் பேஸ்ட் மெல்லிசாகத் தடவ வேண்டும். இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், எண்ணைப் பாருங்கள்: ஒவ்வொரு சேனல் வழியாகவும் சுமார் 15 வாட் போகிறது, அடிப்பரப்பு 150 ச.செ.மீ. இடையில் 0.2 மி.மீ. காற்று இருந்தாலே சேனல் தகட்டைவிட 7, 8 டிகிரி குறைவாக நிற்கும். வேலை செய்யும் 40 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. பேஸ்ட் இருந்தால் இழப்பு அரை டிகிரிகூட இல்லை.

பின்மூடி 1 மி.மீ. தகடு, ஃபின் நுனிக்கு 5 மி.மீ. தள்ளி. கீழும் மேலும் முழு அகலத்துக்குத் திறந்திருக்கிறது. இதனால் பின்பகுதி ஒரு புகைபோக்கி மாதிரி காற்றை இழுக்கும். மூடியின் உட்புறம் பெயின்ட், சுவரைப் பார்க்கும் வெளிப்புறம் வெறும் அலுமினியம். சுவருக்குப் போகும் கதிர்வீச்சு இதனால் குறையும். மேல் வாயில் அழகுக்காகத் துளையிட்ட ஜாலி வைத்தால், திறப்பு பாதியாகி இழுவை செத்துவிடும். விரல் போகாமலிருக்க வேண்டும் என்றால் நீளவாட்டுப் பட்டைகள் போதும். தரையிலிருந்து 10 செ.மீ., மேலே 15 செ.மீ. காலியிடம்.

கணக்கு: முன்முகம் டிகிரிக்கு 2.5 வாட், ஃபின்கள் 1.8, தகட்டின் பின்பரப்பு 0.9, பின்மூடியும் ஓரங்களும் சேர்ந்து 0.8 அளவில். மொத்தம் 6. நாற்பது டிகிரியில் 240 வாட். அறைக்கு வேண்டியது 210. ஹீட்டர் 300 வாட்டாக இருப்பது சீக்கிரம் சூடேற மட்டுமே. முன்தகடும் சேனல்களும் சேர்ந்து 3.3 கிலோ என்பதால் தொடக்கத்தில் நிமிடத்துக்கு 6 டிகிரி ஏறும், 20-லிருந்து 60-ஐத் தொடப் பதின்மூன்று, பதினான்கு நிமிடம். பிறகு தகட்டின் சென்சார் நிறுத்தி நிறுத்தி ஓட்டும்.

எண்ணெய் நிரப்பிய வடிவத்தைத் தொடவே இல்லை. 80 டிகிரி ஏறினால் எண்ணெய் 5, 6 சதவீதம் விரியும். அதற்கு உள்ளே காற்றிடம், அழுத்தம் தாங்கும் வெல்டிங், கசிவுச் சோதனை எல்லாம் வேண்டும். வீட்டு மேஜையில் செய்யும் வேலையல்ல.

மேட் ஒட்டுதல்

தகட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு முனையிலிருந்து உருளையால் அழுத்திக்கொண்டே ஒட்ட வேண்டும். அடியில் ஒரு காற்றுக் குமிழ் சிக்கினால் அந்த இடத்து வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லை. சிலிக்கோன் பழுப்பாகி உப்பிக்கொண்டு வரும். ஒட்டியபின் ஒரு நாள் மின்சாரம் கொடுக்காமல் வைக்கவும். மேட் 200 டிகிரி தாங்கும் என்று போட்டிருந்தாலும் அதன் பசை அவ்வளவு தாங்காது. ஒரு ச.செ.மீ.க்கு அரை வாட் என்ற இந்த அடர்த்தியில் பசைக்குத் தொல்லை இல்லை. இதே வாட்டைப் பாதி அளவு மேட்டில் திணித்தால்தான் வம்பு.

மல்டிமீட்டரில் ஒவ்வொரு மேட்டும் 353 ஓம் அளவில் காட்ட வேண்டும். இரண்டையும் இணையாக இணைத்தால் 300 வாட், ஒன்று மட்டும் என்றால் 150, தொடராக இணைத்தால் 75. மூன்று நிலைச் சுவிட்ச் ஒன்று இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் இல்லாமலேயே ஓட்டலாம். ஆள் இல்லாத நேரத்தில் அறை உறையாமல் காக்க 75 வாட் நிலை நல்ல துணை.

வயரிங்கும் பாதுகாப்பும்

உள்வயர் 0.75 ச.மி.மீ. சிலிக்கோன் உறை. சாதாரண பி.வி.சி. வயர் 70 டிகிரிக்கானது, மேட் ஓரத்தில் நாளடைவில் இளகும். எர்த் இணைப்பு தகட்டிலேயே: எம்4 போல்ட், ரிங் லக், பல் வாஷர், அடியில் பெயின்ட் சுரண்டப்பட்டிருக்க வேண்டும். பிளக்கின் எர்த் முள்ளிலிருந்து தகட்டின் தொலை மூலைவரை, பின்மூடி உட்பட, எர்த் தொடர்ச்சி இருக்கிறதா என்று அளந்து பார்க்கவும். கேபிளை விட்டுவிட்டுப் பார்த்தால் 0.1 ஓமுக்குள் இருக்க வேண்டும். 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவி) லைவுக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது 1 மெகாஓம். இணைப்பு 30 மில்லிஆம்ப் ஆர்.சி.டி. (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள சர்க்கியூட்டிலிருந்து மட்டுமே. வயரிங்கில் பழக்கம் இல்லாதவர்கள் தகட்டு வேலையோடு நின்றுகொண்டு, இந்தப் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பது நல்லது.

லைவ் வயரில் வரிசையாக மூன்று காவல். முதலாவது கன்ட்ரோலர், தகடு 60 டிகிரி எட்டியதும் நிறுத்தும். இரண்டாவது 80 டிகிரியில் திறக்கும் கே.எஸ்.டி.301 வகை பைமெட்டல் சுவிட்ச் (சூட்டில் வளையும் ஈருலோகத் தகட்டால் இயங்குவது). தானாக மீண்டும் இணைவது வேண்டாம், பொத்தானை அழுத்தி மீட்கும் வகை. மூன்றாவது 121 டிகிரி தெர்மல் ஃபியூஸ், அந்தச் சூட்டில் ஒரேயடியாகத் துண்டித்துவிடும். பின் இரண்டும் தகட்டின் மேல்பகுதியில், மேட்டை ஒட்டி. செங்குத்துத் தகட்டில் மேல்பாதிதான் எப்போதும் சூடு அதிகம். கீழே வைத்தால் காவல் தூங்கும்.

தெர்மல் ஃபியூஸை சால்டர் செய்தால் அந்தச் சூட்டிலேயே போய்விடும், கிரிம்ப் செய்ய (உலோகக் குழலில் வைத்து அழுத்தி இணைக்க) வேண்டும். அதன் உலோக உடல் ஒரு காலோடு மின்தொடர்பில் இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. கண்ணாடி இழை ஸ்லீவ் போடாமல் தகட்டில் வைத்தால் நேராக எர்த்துக்கு ஷார்ட்.

கன்ட்ரோலரில் சாலிட் ஸ்டேட் ரிலே (அசையும் பாகம் இல்லாத மின்னணுச் சுவிட்ச்), வோல்ட்டேஜ் பூஜ்ஜியத்தைக் கடக்கும் நொடியில் இயங்கும் வகை, ஒரு நிமிடச் சுழற்சி. 1.3 ஆம்ப்புக்கு ரிலேயில் ஒன்றரை வாட்தான் வீணாகும். இந்த ரிலேக்கள் கெடும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், அதாவது ஹீட்டர் நிற்காமல் ஓடும். அதனால்தான் எலக்ட்ரானிக்ஸைச் சாராத பைமெட்டல் கட்டாயம். அறைச் சென்சாரை, 10 கிலோஓம் என்.டி.சி. (சூடு ஏற ஏறத் தடை குறையும் சென்சார்) போதும், எதிர்ச்சுவரில் ஒரு மீட்டருக்கு மேல் வைக்கவும். ரேடியேட்டரின் பெட்டிக்குள்ளேயே வைத்தால் அது அறையை அளக்காது. தன்னைத்தான் அளந்துகொண்டு சீக்கிரம் நிறுத்திவிடும்.

மூடிப் பார்க்கும் சோதனையை ரிலேயை வேண்டுமென்றே ஷார்ட் செய்துவிட்டுச் செய்ய வேண்டும். கன்ட்ரோலர் உயிரோடு இருக்கும்போது செய்தால் அது நிறுத்துகிறதா பைமெட்டல் நிறுத்துகிறதா என்று தெரியாது. முன்முகத்தையும் மேல் வாயையும் தடித்த துண்டால் மூடி, பக்கத்திலேயே நின்று பார்க்கவும். பைமெட்டல் திறக்கும்போது தகட்டின் மிகச் சூடான இடம் 95-ஐத் தாண்டியிருந்தால் சுவிட்ச் இடம் மாற வேண்டும், அல்லது அதன் அடியில் பேஸ்ட் இல்லை.

இப்போதைய நிலை

மேட் இருக்குமிடத்துக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் 12 டிகிரி அளவில். புது பெயின்ட் வாடை போக, திறந்த வெளியில் முழுச் சூட்டில் சில மணி நேரம் ஓட்டியாயிற்று. சூடேறும்போதும் ஆறும்போதும் வந்த டிக் டிக் சத்தத்துக்குக் காரணம் விரிவுதான்: 600 மி.மீ. அலுமினியம் 45 டிகிரிக்கு 0.6 மி.மீ. நீளும், அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் அதில் பாதிதான். மேல் இரண்டு போல்ட்டை மட்டும் இறுக்கி, கீழ் ஓட்டைகளை நீள்வட்டமாக அராவி டெஃப்லான் வாஷர் போட்டதும் நின்றது.

அடுத்து மாற்றவிருப்பது மேட்களின் இடம். இரண்டையும் 15 மி.மீ. ஓரத்துப் பக்கம் தள்ளினால் அந்த 12 டிகிரி இன்னும் குறையும். நடு ஜோடிச் சேனல்களுக்கு இடையில் இன்னொரு சேனலுக்கும், இடைவெளி 10 மி.மீ.க்குக் கீழே போகாதபடி, இடம் கிடைக்குமா என்று முதலில் அட்டையில் வரைந்து வெட்டி வைத்துப் பார்க்க வேண்டும்.