கிராபிக்ஸ் கார்டு மாற்றும் முன்

கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன், பவரைத் துண்டித்து அதைக் கழற்றி, தங்க நிறக் காண்டாக்டுகளைப் பாருங்கள். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் படலம் படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தாலே சில கார்டுகள் உயிர்பெறும்.

மாற்றத்தான் வேண்டுமென்றால் முதலில் பவர் சப்ளையின் லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்பதே கணக்கு. 12-ஆல் பெருக்கினால் கார்டுக்கும் பிராசசருக்கும் சேர்த்து உள்ள வாட் தெரியும். பெட்டியில் பெரிதாக 450 என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட். பவர் சப்ளையிலிருந்து கார்டுக்குப் போகும் 8 பின் கேபிள் இன்னும் 150 தரும். அந்தக் கேபிளே இல்லாத டெஸ்க்டாப்புக்கு 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி மாடல் நல்ல தேர்வு. 8 ஜிபி மாடல் வேறு, அதற்குக் கேபிள் வேண்டும். அந்தக் கேபிளுக்குப் பதில் மலிவான அடாப்டர் போட்டு ஒப்பேற்றாதீர்கள், பிளக் உருகிவிடும்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டின் விலையில் மயங்க வேண்டாம்: மதர்போர்டோடு தரவு பரிமாறும் பாதை, அதாவது லேன், அதில் 4தான். ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0 தலைமுறையாக இருக்கும் போர்டில் வேகம் நன்றாகவே குறையும்.

நாகர்கோவிலில் செகண்ட் ஹேண்ட் வாங்கினால், எச்டிஎம்ஐ போர்ட்டின் விளிம்பையும் பிராக்கெட் ஸ்க்ரூவையும் டார்ச் அடித்துப் பாருங்கள். துருவோ பச்சைக் கறையோ இருந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.