5ஜி டவருக்குப் பக்கத்தில் கேபிள் டிஷ்: நாங்கள் சமாளித்த விதம்

பக்கத்துத் தெரு டவரில் 5ஜி போட்ட பிறகு, எங்கள் கேபிள் கண்ட்ரோல் ரூம் மாடியில் ஒரே ஒரு டிஷ் மட்டும் மக்கர் செய்ய ஆரம்பித்தது. 68.5 டிகிரி கிழக்கில் இருக்கும் செயற்கைக்கோளைப் பார்க்கிற டிஷ் அது. படம் கட்டம் கட்டமாக உடையும். சாயங்காலம் ஊரே போனும் கையுமாக உட்காரும் நேரத்தில் மோசம், நள்ளிரவுக்கு மேல் ஏறக்குறைய சரியாகிவிடும். கனெக்டர் துரு இப்படி மணி பார்த்து வேலை செய்யாது.

புகார் சொன்னோம். டெலிகாம் தரப்பில், "2022 ஏலத்தில் எடுத்த 3300–3670 மெகாஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கிறோம்" என்றார்கள். சேனல் தரப்பில், "நாங்கள் 3700க்கு மேலேதான் அனுப்புகிறோம்" என்றார்கள். இரண்டுமே உண்மை. சிக்கல் நடுவில் இருக்கிற எல்.என்.பி.யில், அதாவது டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கிப் பெருக்கிக் கேபிளில் கீழே அனுப்பும் கருவியில். 3400 முதல் 4200 வரை மொத்தத்தையும் வாங்குகிற மாதிரி செய்த சாமான் அது. வானத்திலிருந்து வரும் சிக்னலோ மிகமிகச் சன்னமானது. டிஷ் மேலே பார்த்திருந்தாலும், பக்கவாட்டில் கசிந்து வரும் டவர் சிக்னலே எல்.என்.பி.யைத் திணறடித்துவிடும்.

வாய்ப்பேச்சு எடுபடாததால், எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் வருகிறது என்று திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரை வாடகைக்கு எடுத்தோம். இந்த வகை (சி பேண்ட்) எல்.என்.பி. வந்த அலைவரிசையை 5150லிருந்து கழித்துத் தருவதால், 3500ல் இருக்கும் 5ஜி திரையில் 1650 பக்கம் தெரியும். விட்டு விட்டு வருவதால் சும்மா பார்த்தால் சிக்காது. வந்ததில் உச்சத்தை அப்படியே பிடித்து வைக்கும் 'மேக்ஸ் ஹோல்ட்' போட்டதும் சேனல்களைவிட உயரமாக ஒரு மேடு எழுந்தது. அந்தப் படத்தை அனுப்பிய பிறகுதான் பேச்சு மாறியது. ஆனாலும் டவரை யாரும் நகர்த்தப் போவதில்லை. விமான நிலையம் என்றால், ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2.1 கிலோமீட்டருக்கு இந்த அலைவரிசை டவர் கூடாது என்று 2022 நவம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். கேபிள்காரன் மொட்டைமாடிக்கு யார் கோடு போடுவார்கள்?

கடைசியில், வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர்தான். அதை ஃபீட் ஹார்னுக்கும் (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் குழல் வாய்) எல்.என்.பி.க்கும் நடுவில் போல்ட் போட்டு மாட்ட வேண்டும். கீழே வரும் கேபிளில் மாட்டிப் பயனில்லை, அதற்குள் எல்.என்.பி. திணறி முடித்திருக்கும். ஒரே ஃபீடில் இரண்டு எல்.என்.பி. இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக வேண்டும். ரப்பர் ரிங்கை விட்டுவிடாதீர்கள், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். எல்.என்.பி. திரும்பியிருந்த கோணத்தை மார்க்கரில் கோடு போட்டு வைத்துக்கொண்டு, அதே கோணத்தில் திரும்ப மாட்டுங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவில் செயற்கைக்கோள் சேனல்களை 4000க்கு மேலே ஒதுக்கிவிட்டார்கள். அங்கே போடுகிற 4000–4200 ஃபில்டரை '5ஜி ஃபில்டர்' என்று நம்பி மாட்டினால், இங்கே பல சேனல்கள் காணாமல் போகும். நமக்கு 3700–4200 வேண்டும்.

மாட்டியதும் மற்ற எல்லாம் சரியாகிவிட்டது, 3700ஐ ஒட்டியிருந்த சேனல்கள் மட்டும் கொஞ்சம் அடம்பிடித்தன. டவர் இருக்கும் பக்கம் டிஷ் விளிம்பை மறைத்து, சின்னக் கண் உள்ள கம்பி வலையை அடித்து எர்த் கொடுத்தோம். அப்புறம் அவையும் நிலையாக ஓடுகின்றன.