எழுத்து தெரியாம ஒட்டிக் கொடுங்க

பந்து வலது பக்கம் ஓடினால் காற்று. இடது பக்கம் ஓடினால் புல். நேராகப் போய்ப் பாதியில் விழுந்தால் ஷாஃப்ட், அதாவது மட்டையின் தண்டு. எங்கள் மாமாவின் கோல்ஃப் சாஸ்திரம் இவ்வளவுதான். கொஞ்ச காலமாகப் பந்து பாதியில்தான் விழுகிறது என்பதால், அயர்ன் என்கிற இரும்புத்தலை மட்டைகள் செட் முழுக்க ஷாஃப்ட் மாற்றுவதென்று முடிவாயிற்று. பை தூக்க நான்.

கடைக்காரர் எடுத்த எடுப்பில் வேலையில் இறங்கவில்லை. வேகம் அளக்கும் ரேடார் முன்னால் நிறுத்தி, "ரெண்டு மூணு அடி அடிங்க சார்" என்றார். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு வீசினார். பந்து கிளம்பும் சத்தத்தைவிட முதுகில் சொடக்கு விழுந்த சத்தம் பலமாகக் கேட்டது.

"இப்ப இருக்கிறது எஸ் ஃப்ளெக்ஸ், கனமான ஸ்டீல். உங்க வேகத்துக்கு வளையவே வளையாது. கிராஃபைட்ல ஏ போட்டுடலாம்."

ஷாஃப்டின் விறைப்பை எக்ஸ், எஸ், ஆர், ஏ, எல் என்று இறங்குவரிசையில் குறிப்பார்கள். ஏ என்றால் சீனியர்களுக்கு. மாமாவோ தனக்கு அறுபது தாண்டியதையே யாரோ கிளப்பிவிட்ட வதந்தி என்று நினைப்பவர்.

"எனக்கா? ஆர் போடுங்க."

"எழுத்துல என்ன சார் இருக்கு? இதுக்கெல்லாம் பொதுவான அளவே கிடையாது. ஒரு கம்பெனியோட ஆர், இன்னொரு கம்பெனியோட ஏ மாதிரி இருக்கும்."

மாமா முகம் மலர்ந்தது. "அப்ப அந்தக் கம்பெனி ஆரையே குடுங்க!"

"என்கிட்ட இருக்கிற அந்த ஷாஃப்டோட முனை 0.370 அங்குலம் சார். உங்க மட்டையோட ஹெட்ல இருக்கிற ஓட்டை 0.355, உள்ளே போகாது."

அரை அங்குலம்கூட இல்லாத ஓட்டை மாமாவின் வாலிபத்தை அடைத்துவிட்டது. கடைசியில் ஓர் உடன்படிக்கை: ஏ-தான், ஆனால் எழுத்து கீழ்ப்பக்கம் பார்க்கிற மாதிரி ஒட்ட வேண்டும். பந்துக்கு முன்னால் நின்று குனிந்தால் கண்ணில் படக்கூடாது. விசித்திரமான கோரிக்கை என்று நினைத்தேன். அப்படிக் கேட்பவர்கள் நிறைய உண்டாம்.

வேலை பார்க்க ரசமாக இருந்தது. கொக்கி பிளேடால் பழைய கிரிப்பைக் கீறி உரித்தார். ஹெட்டின் கழுத்தில் ஹீட் கன்னைக் காட்டியதும் உள்ளே இருந்த எபாக்ஸி பசை இளகி, கருகல் வாடை அடித்து, ஹெட் கையோடு வந்தது. ஓட்டைக்குள் பிரஷ் விட்டுச் சுரண்டினார். புது ஷாஃப்டின் நுனியை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஃபெரூல் என்கிற மூட்டு வளையத்தை மாட்டி, பசை தடவிச் செருகினார். கிராஃபைட் லேசு என்பதால் ஹெட்டின் கனம் கைக்குத் தெரியாமல் போய்விடுமாம். அதற்கு நுனிக்குள் ஒரு சின்ன எடை. பிறகு தராசில் வைத்துப் பார்த்து, "டி1" என்றார்.

மாமா பதறிப்போனார். "அது என்ன இன்னொரு எழுத்து?"

"அது பேலன்ஸ் சார். வயசு இல்ல."

பசை இறுக 24 மணி நேரம். அதுவரை தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

வம்பு என்னவென்றால், ஷாஃப்ட் நன்றாக வேலை செய்கிறது. வழக்கமாகப் பங்கர் மணலில் குளிக்கிற பந்து, அதைத் தாண்டிப் போய் குழி இருக்கிற கிரீனில் உட்கார்ந்தது. கூட ஆடியவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். "என்ன ஷாஃப்ட் போட்டிருக்கீங்க? காட்டுங்க, காட்டுங்க!"

மாமா சட்டென்று டவலை எடுத்து, கிரிப்பிலிருந்து ஹெட் வரை சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஷாஃப்டாவது ஒண்ணாவது. எல்லாம் எக்சர்சைஸ்."