எச்சில்

லிஸ்பனில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் திங்கட்கிழமை. பழம்பொருள் பாதுகாப்புக் கூடத்தின் மேசைமேல் 18-ஆம் நூற்றாண்டு மரச் சம்மனசு (தேவதூதர் சிலை) ஒன்று மல்லாந்து கிடந்தது. தேவாலயத்து மெழுகுவத்திப் புகை படிந்து படிந்து முகமெல்லாம் கறுப்பு. எனக்கு வேலை கற்றுத்தர வந்த அம்மையார் மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றினார், வாயில் வைத்து ஈரமாக்கினார், அப்படியே சம்மனசின் கன்னத்தில் வைத்து உருட்டினார்.

எனக்கு உடம்பு கூசிப்போனது.

டம்ளர் உதட்டில் பட்டுவிட்டால் பாட்டி அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவாள். சாமிக்குப் படைக்கிற பொங்கலை ருசி பார்க்கக்கூடாது, மோந்துகூடப் பார்க்கக்கூடாது. சாப்பிட்ட கையால் கரண்டியைத் தொட்டால் வீடே திரும்பிப் பார்க்கும். அப்படி வளர்ந்தவள் கண்ணெதிரே, கோயிலிலிருந்து வந்த உருவத்தின் முகத்தில் எச்சில்!

அம்மையார் பஞ்சை என்னிடம் காட்டினார். பழுப்பாக இருந்தது. கன்னத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு இளஞ்சிவப்பு தெரிந்தது.

விஷயம் இதுதான். எச்சிலில் 99 விழுக்காடு தண்ணீர். மிச்சத்தில் மாவுப்பொருளைச் சிதைக்கும் அமைலேஸ் என்ற நொதியும், அழுக்கைப் பற்றி மேலே கொண்டுவரும் வழவழப்பும் இருக்கின்றன. அமிலமும் இல்லை, காரமும் இல்லை என்று சொல்லும்படியான பதம். வாயிலிருந்து வருவதால் இதமான சூடு. உலகெங்கும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததுதான். 1990-இல் போர்ச்சுகீசிய ஆய்வாளர்கள் மூவர் வேறு கரைப்பான்களோடு ஒப்பிட்டு, எச்சில் நன்றாகவே சுத்தம் செய்கிறது என்று காட்டினார்கள். சிரிக்கவும் வைத்து யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2018-இல் அவர்களுக்குக் கிடைத்தது.

எல்லா இடத்துக்கும் இது ஆகாது. எங்கள் சம்மனசின் இறக்கையில் ஒட்டியிருக்கும் தங்க ரேக்கு ஈரம் பட்டாலே கழன்றுவிடும் வகை. முகம் எண்ணெய் வண்ணம், அதனால் தாங்கும். தேய்க்கக்கூடாது, உருட்டத்தான் வேண்டும். அழுக்குப் பட்ட பஞ்சு மறுபடி வாய்க்குப் போகக்கூடாது. ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சு. கடைசியில் சுத்தமான தண்ணீரால் ஒற்றி எடுக்க வேண்டும். வேலைக்கு முன்னால் காப்பி குடிக்கக்கூடாது. இந்தக் கடைசி விதிதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டம்.

இந்த ஊர் என்னிடம் அன்பாகத்தான் நடந்துகொண்டது. முதல் வாரம் மொழி ஒன்றும் பிடிபடாமல் உட்கார்ந்திருந்தபோது, யாரோ 'ஷாவ்' கேட்டார்கள், சாவியை எடுத்துக் கொடுத்தார்கள். ஜன்னல் 'ஜனெலா', மேசை 'மேசா', அலமாரி 'அர்மாரியு'. நம் வீட்டுச் சாமான்களெல்லாம் எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்ததுபோல இருந்தது. 1554-இலேயே தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சடித்த ஊர் இது. அன்றைக்கு அலமாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன், கண் கலங்கியது.

என் முறை வந்தபோது வாய் உலர்ந்துவிட்டது. பஞ்சை நனைக்கவே வரவில்லை. அம்மையார் அவசரப்படுத்தவில்லை. மூன்றாம் நாள் நெற்றியோரத்தில் நகக்கண் அளவு சுத்தம் செய்தேன். இரவு அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன்.

"சாமி மேலயா கண்ணு? எச்சிலா?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "கண்ணப்பர் வாயில தண்ணி கொண்டுபோய் அபிஷேகம் பண்ணலையா? பண்ணு பண்ணு. பாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றாள்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது, பழகிவிட்டது. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது குச்சி சுற்றுகிறேன். இடது கன்னம் முடிந்து மோவாய்க்கு வந்துவிட்டேன். ஆனால் கூடத்தில் யாராவது தண்ணீர் பாட்டிலை நீட்டினால் கை தானாக உயர்கிறது, அண்ணாந்துதான் குடிக்கிறேன். நான் குடிக்கும்போது பக்கத்து மேசைப் பெண் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாததை வியப்போடு பார்ப்பாள்.

போன வாரம் சம்மனசின் காதோரம் ஒரு கரும்புள்ளி போகவே மாட்டேன் என்றது. மறுபடி மறுபடி பஞ்சை உருட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் எனக்குக் கண்மை கன்னத்தில் வழிந்திருக்கும். டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கிற அதே பாட்டி, முந்தானை நுனியை நாக்கில் நனைத்து, ஒரு கையால் மோவாயைப் பிடித்துக்கொண்டு, "ஆடாதடி" என்று அழுத்தித் துடைப்பாள். வெற்றிலை வாசம் வரும். அன்றைக்கு யாருக்கும் அது எச்சிலாகத் தெரிந்ததில்லை.

சம்மனசின் மோவாயை இடது கையால் பிடித்துக்கொண்டுதான் நானும் துடைத்துக்கொண்டிருந்தேன். புள்ளி பாதி போயிருக்கிறது. மீதி நாளைக்கு, காப்பி குடிக்காமல் சீக்கிரமே போக வேண்டும்.