கல்லைப் பிடித்தால் விடாத மீன்: கார்ன்வாலில் ஒரு நண்பகல்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மணற்கரையைத்தான் தேடுவார்கள். நாங்கள் லூ என்ற சிற்றூரின் ஹேனஃபோர் கரைக்குப் போனது பாறைகளுக்காக. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே கடல் வெகுதூரம் உள்வாங்கும், அதுவும் நண்பகல் வாக்கில். எதிரே லூ தீவு. நடுவில் பாசி வழுக்கும் கற்களும் குட்டைகளும்.

தேடிப் போனது கார்னிஷ் சக்கர் என்ற சின்ன மீனை. கூட வந்த தோழி கடல் உயிரியல் படித்தவள். "குட்டையில என்னத்தப் பாக்குற? கல்லுக்கு அடியில பாரு" என்று ஒரு கல்லை மெல்லச் சாய்த்தாள். அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு மீன் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது. செதில் கிடையாது. செம்பழுப்பு உடம்பு, தட்டையான நீள மூக்கு, தலைக்குப் பின்னால் கருவளையமிட்ட இரண்டு நீலப் புள்ளிகள். பக்கத்திலேயே மஞ்சள் முட்டைகள் ஒரே அடுக்காக. கல் சாய்ந்தும் அது அசையவில்லை. முட்டைக்குக் காவலாம்!

வயிற்றுப்பக்கத் துடுப்புகள்தான் உறிஞ்சு வட்டாக மாறியிருக்கின்றன. எனக்கு வியப்பு, அந்தக் கல்லின் சொரசொரப்புதான். குளியலறையில் ஒட்டும் ரப்பர் கொக்கி வழவழப்பான டைல்ஸில்தான் நிற்கும். சுண்ணாம்புச் சுவரில் ஓரம் வழியாகக் காற்று புகுந்து விழுந்துவிடும். இந்த மீனின் வட அமெரிக்க உறவுக்காரன் ஒன்றை வாஷிங்டன் மாநிலத்தின் ஃபிரைடே ஹார்பர் ஆய்வகத்தில் சோதித்து 2013-இல் எழுதியிருக்கிறார்கள். அதன் வட்டின் ஓரமெல்லாம் நுண்ணிய இழைகள் கொண்ட முண்டுகள். அவை கல்லின் மேடுபள்ளங்களில் பதிந்து, இடைவெளியை அடைத்து, ஓரம் உள்ளே வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். தன் எடையைப்போல் 80 முதல் 230 மடங்கு விசையோடு இழுத்தால்தான் பிடி விட்டதாம். பசை ஒரு துளி கிடையாது.

தோழி கல்லை இருந்தபடியே திரும்ப வைத்தாள். கவிழ்ந்த கல்லில் முட்டைகள் வெயிலில் காய்ந்துவிடும், அதில் அவள் கறார்.

போவதென்றால் வசந்தத்திலோ கோடையிலோ போங்கள், முட்டையோடு பார்க்கலாம். வலை வேண்டாம், ரப்பர் பூட்ஸ் போதும். கடல் முழுதாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கிவிடுங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கரைக்கு நடையைக் கட்டுவது நல்லது.